“என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்ட மருத்துவர்

குருதிச்சோகை என்றால் இரும்புச்சத்துக் குறைவு என்றுதான் நம்மில் அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முகம் வெளுத்து, நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும் ஒரு பிள்ளையைக் கண்டால், “இரும்புக் குளிசை குடி” என்று பக்கத்து வீட்டு மாமி வரை எல்லோரும் மருந்து சொல்வார்கள். பெரும்பாலான வேளைகளில் அது சரியான மருந்துதான். ஆனால், இரும்பை எவ்வளவு கொடுத்தாலும் மாறாத ஒரு குருதிச்சோகையும் உண்டு. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பம்பாயிலும் சென்னையிலும் கர்ப்பிணித் தாய்மார் பலரின் உயிரைக் குடித்தது அதுதான். அதற்கு மருந்து கண்டவர் லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவர்.

அவர் பம்பாயில் ஆராய்ந்தபோது, மிகவும் குறைவான உணவை உண்டவர்களும், இந்நோய்க்கு மிக அதிகமாக ஆளானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களாகவே இருந்தார்கள். ஆகவே, ஆங்கிலப் பெண் ஒருவரின் வாழ்க்கைக் கதையாகத் தோன்றும் இது, நமது சமையலறைகளின் கதையும் ஆகும்.

பட்டம் கிடைக்காத பட்டதாரி

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகருக்கு அருகே பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்று, 1911இல் பரீட்சையில் சித்தியடைந்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் அங்கே படிக்கலாம், பரீட்சை எழுதலாம், சித்தியடையலாம். பட்டம் மட்டும் பெற முடியாது என்பது அக்காலச் சட்டம். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையாகப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான்.

1913இல் அவர் தாயாருடன் இலங்கைக்கும் வந்து உறவினர்களைச் சந்தித்துச் சென்றார். அடுத்த ஆண்டு தென்னாபிரிக்காவில் இருந்தபோது முதலாம் உலகப் போர் மூண்டது. கேப்டவுன் வைத்தியசாலை ஒன்றில் சில வாரங்கள் தொண்டராகத் தாதிப் பணி செய்தார். நாடு திரும்பியதும், 1915இல் இலண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920இல் மருத்துவரானபோது அவருக்கு வயது 32. நோயாளரைப் பார்க்கும் தொழிலை விட ஆய்வுகூடமே அவரை ஈர்த்தது. இலண்டன் றோயல் பிரீ வைத்தியசாலையில் ஆய்வுப் பணியை ஆரம்பித்தார்.

பம்பாயில் ஒரு புதிர்

1920களில் இந்தியாவில் மகப்பேற்று மரணங்கள் பற்றிய ஒரு பெரிய விசாரணை நடைபெற்றது. அதில் ஈடுபட்டிருந்த மார்கரெட் பல்போர் என்ற பெண் மருத்துவர், கர்ப்ப காலக் குருதிச்சோகையை ஆராய வருமாறு வில்ஸை அழைத்தார். 1928இல் வில்ஸ் பம்பாய் ஹாப்கின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் கண்ட நோய் விசித்திரமானது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், செங்குழியங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் வழமையை விடப் பெரிதாக இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்தால் செங்குழியம் சிறுத்து, வெளிறிப் போகும். இங்கே அதற்கு நேர்மாறு. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் வயிற்றில் ஆறேழு மாதப் பிள்ளையோடு வைத்தியசாலைக்கு வருவார்கள். சிலர் பிள்ளை பெற்றதும் இறந்துவிடுவார்கள்.

கிருமி ஏதும் காரணமா என்று வில்ஸ் முதலில் தேடினார். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. பின்னர் அவர் வேறு ஒரு பக்கம் திரும்பினார். அந்தப் பெண்கள் எப்படிப்பட்ட வீடுகளில் வாழ்கிறார்கள், தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதத் தொடங்கினார். தல்படே என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, பம்பாய்ப் பெண்களின் உணவு, சுகாதார நிலை பற்றி 1930இல் ஓர் அறிக்கையை வெளியிட்டார். வசதியான வீட்டுப் பெண்களிடம் இந்நோய் குறைவு. பழமும் பச்சை இலையும் பாலும் எட்டாத வீடுகளில் அதிகம். வேலிக்கு வெளியே வராத பெண்களின் வீட்டிலும் அடுப்பைப் பார்த்தால் நோய் தெரிந்தது.

எலி, குரங்கு, ஒரு போத்தல் மார்மைட்

நோய்க்கும் உணவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிப்பது ஒன்று. அதை நிரூபிப்பது வேறொன்று. அந்தப் பெண்கள் உண்ட அதே உணவை வில்ஸ் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் குருதிச்சோகை வந்தது. ஆனால் பேன் மூலம் பரவும் பார்ட்டனெல்லா என்ற பற்றீரியாவும் அந்த எலிகளைத் தாக்கியிருந்தது பின்னர் தெரியவந்தது. எனவே அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியவில்லை. அவர் ரீசஸ் குரங்குகளுக்கு மாறினார். அதே உணவில் வைத்த குரங்குகளுக்கு, அந்தப் பெண்களுக்கு வந்ததைப் போன்ற குருதிச்சோகையே வந்தது.

மதுவத்திலிருந்து எடுக்கப்படும் சாறு குரங்குகளைக் குணமாக்கியது. அவர் பயன்படுத்திய மதுவச் சாறு, கடைகளில் மலிவாகக் கிடைத்த மார்மைட். நமது ஊர்க் கடைகளிலும் கறுப்பு நிறப் போத்தலில் நாம் காணும் அதே மார்மைட்தான். அதைக் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுத்தபோது, சில நாட்களிலேயே இரத்தத்தில் புதிய செங்குழியங்கள் பெருகின. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து பசிக்கிறது என்றார்கள். 1931இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வில்ஸ் இதை வெளியிட்டார்.

இந்த ஆய்வுகளின்போது அவர் தமிழ்நாட்டிலும் பணி புரிந்தார். 1929இல் சில மாதங்கள் நீலகிரி மலையிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தார். 1931இல் சென்னை திருவல்லிக்கேணியில், மக்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று அழைத்த வைத்தியசாலையில் நோயாளரைப் பார்த்தார். கோஷா என்றால் பர்தா. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட விரும்பாத பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் 1885இல் ஆரம்பித்த வைத்தியசாலை அது. ஷார்லீப் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த முதல் பெண்களில் ஒருவர். பின்னர் வில்ஸ் படித்த அதே இலண்டன் கல்லூரியிலும் படித்தவர். பெண் மருத்துவர்கள் இல்லாதிருந்தால், அந்தப் பெண்களின் ஒரு துளி இரத்தம்கூட நுணுக்குக்காட்டியின் கீழ் வந்திருக்காது. உயிரியல் படிக்கும் தோழியர் இதை ஒரு தடவை நிறுத்தி யோசிக்க வேண்டும்.

இரும்பும் இலையும்

மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் எது? அது தெரிய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அக்காலத்தில் ‘பெர்னீஷியஸ்’ என்ற கொடிய குருதிச்சோகைக்கு ஈரல் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. அதைக் கண்ட மைனொட், மர்பி, விப்பிள் ஆகிய மூவருக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. வில்ஸ் அந்த ஈரல் சாற்றையும் சோதித்தார். சுத்திகரிக்காத சாறு அவருடைய நோயாளரைக் குணமாக்கியது. நன்றாகச் சுத்திகரித்த சாறு குணமாக்கவில்லை. ஆனால் கொடிய குருதிச்சோகையை அதே சுத்தமான சாறு குணமாக்கியது. அப்படியானால் ஈரலில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் இருக்க வேண்டும் அல்லவா? ஒன்று பின்னாளில் விற்றமின் பி12 என்று அறியப்பட்டது. மற்றையது நீண்ட காலம் ‘வில்ஸ் காரணி’ என்ற பெயரில் வழங்கியது.

1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு தொன் பசளைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலத்தீனில் ‘போலியம்’ என்றால் இலை. எனவே அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். நமது மொழியில் இலையமிலம் என்று சொல்லலாம். வில்ஸ் காரணியும் இதுவே.

அதை ஆய்வுகூடத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இந்தியர்: எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதராடை அணிந்ததற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுமையான மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த சான்றிதழையே பெற்றவர். அவருடைய சகோதரர் இருவர் ‘ஸ்புரூ’ என்ற குடல் நோயால் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். உணவிலுள்ள போலிக் அமிலத்தைக் குடல் உறிஞ்ச முடியாமற்போவது அந்நோயின் ஒரு பகுதி. 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் அவருடைய குழு போலிக் அமிலத்தைத் தயாரித்தது. பட்டம் மறுக்கப்பட்ட இருவர் இந்த ஒரு விற்றமினின் இரு முனைகளிலும் நிற்கிறார்கள்.

சரி, இரும்பு செய்வது என்ன, போலிக் அமிலம் செய்வது என்ன?

நமது செங்குழியம் ஒன்று சுமார் 120 நாட்களே வாழும். அதனால் என்பு மச்சை ஒவ்வொரு செக்கனுக்கும் இரண்டு மில்லியனுக்கும் அதிகமான புதிய செங்குழியங்களை உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கலத்தினுள் ஈமோகுளோபினை நிரப்புவது. ஈமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. ஒட்சிசனைப் பிடித்துச் செல்வது அவைதான். மற்றையது, கலத்தைப் பிரித்துப் பெருக்குவது. கலம் பிரிவதற்கு முன் அதன் டி.என்.ஏ. பிரதியாக வேண்டும். டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினை ஆக்குவதற்குப் போலிக் அமிலம் தேவை.

ரொட்டிக்கு மா குழைப்பதை நினைத்துப் பாருங்கள். மா போதாவிட்டால் உருண்டைகள் சின்னதாகிவிடும். அதுதான் இரும்புக் குறைவு. மா தாராளமாக இருந்தும், அதைக் கிள்ளிப் பிரிக்கக் கை இல்லாவிட்டால், இருபது உருண்டை வர வேண்டிய இடத்தில் ஐந்து பெரிய உருண்டைகளே வரும். அதுதான் போலிக் அமிலக் குறைவு. பம்பாய்ப் பெண்களின் இரத்தத்தில் வில்ஸ் கண்டது இந்தப் பெரிய உருண்டைகளைத்தான். இரண்டு குறைபாடுகளும் ஒருவரிடம் சேர்ந்து இருந்தால், கலத்தின் சராசரி அளவு சாதாரணமாகத் தோன்றி நம்மை ஏமாற்றவும் கூடும்.

கர்ப்ப காலத்தில் ஏன் இது தீவிரமாகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். வயிற்றில் வளரும் பிள்ளையின் ஒவ்வொரு கலமும் பிரிந்துகொண்டே இருக்கிறது. தாயிடம் இருக்கும் கொஞ்சத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

வில்ஸின் பிற்காலம்

வில்ஸ் பின்னர் இலண்டன் திரும்பினார். இரண்டாம் உலகப் போரின்போது றோயல் பிரீ வைத்தியசாலையின் நோயியல் பிரிவில் பணியாற்றினார். 1944 ஜூலையில் அந்த வைத்தியசாலையின் மீதே பறக்கும் குண்டு விழுந்தது. அந்தக் காலத்திலும் அவர் ஆய்வை விடவில்லை. இம்முறை அவருடைய கேள்வி இரும்பைப் பற்றியது. போர்க்காலப் பங்கீட்டு உணவும், கிரமமாகக் கொடுக்கப்படும் இரும்புச்சத்தும் கர்ப்பிணிகளின் ஈமோகுளோபின் அளவை எவ்வாறு மாற்றுகின்றன என்று அளந்து, 1947இல் கட்டுரை வெளியிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் ஜமைக்கா, பீஜி, தென்னாபிரிக்கா என்று போய் மக்களின் உணவை ஆராய்ந்தார். 1964 ஏப்ரலில் காலமானார்.

அவர் கண்ட மருந்து நமது நாட்டுக்கும் விரைவிலேயே வந்தது. 1934–35இல் இலங்கையைப் பேரழிவுக்குள்ளாக்கிய மலேரியாவின்போது, பட்டினியால் நலிந்த கிராம மக்களுக்கு சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மார்மைட் கொடுத்தார்கள். அப்போது போலிக் அமிலம் என்ற பெயரே உலகில் இல்லை.

நமக்கு இதில் என்ன?

இன்று நமது கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போனால் இரும்பும் போலிக் அமிலமும் குளிசையாகக் கிடைக்கின்றன. அப்படியிருக்க, பதினேழு வயதில் நாம் ஏன் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்?

காரணம் இருக்கிறது. குழந்தையின் மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்று 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. போலிக் அமிலம் போதாவிட்டால் அது சரியாக மூடாமற்போகக் கூடும். முதுகில் திறப்புடன் பிள்ளை பிறப்பது அதனால்தான் நேரலாம். 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று, ஏழு நாடுகளின் 33 நிலையங்களில், முன்னர் இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாய்மாரிடையே நடத்தப்பட்டது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் எடுத்தவர்களிடம் இக்குறைபாடு 72 வீதம் குறைந்தது. ‘முன்பிருந்தே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 28ஆம் நாளில் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பிணி என்பதே நிச்சயமாகத் தெரியாது. கிளினிக்கில் பெயர் பதியும்போது அந்தக் குழாய் மூடி முடிந்திருக்கும். புதிதாகத் திருமணம் முடித்தவர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர் போலிக் அமிலக் குளிசை தருவது இதற்காகத்தான். “கலியாணம் முடித்த கையோடு கிளினிக்குக்குப் போவதா?” என்று வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

நமது கரையோர ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். புது மருமகனுக்கு உம்மா விதம்விதமாக ஆக்கிப்போடுவார். ஈரல் கறி, பொரித்த மீன், அவித்த முட்டை எல்லாம் அவர் பீங்கானுக்குப் போகும். மகளும் உம்மாவும் கடைசியாக உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சிய ஆணத்தைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். விருந்தோம்பல் நல்லதுதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதாமாதம் இரத்தம் இழப்பவளும், நாளை ஒரு பிள்ளையைச் சுமக்கப் போகிறவளும் அந்த வீட்டில் யார்? அந்த ஈரலில் ஒரு துண்டு அவளுடைய பீங்கானிலும் விழ வேண்டாமா? பம்பாயில் வில்ஸ் குறித்து வைத்த குறிப்புகளில் இருந்ததும் இந்தக் கேள்விதான்.

நல்ல செய்தி என்னவென்றால், நமக்கு வேண்டிய சத்து மார்மைட் போத்தலுக்குள் மட்டும் இல்லை. முருங்கை இலை, பொன்னாங்காணி, பசளி, பருப்பு, பாசிப்பயறு, கவுப்பி ஆகிய அனைத்திலும் போலிக் அமிலம் உண்டு. முருங்கை நமது வளவிலேயே நிற்கிறது. ஆனால் சமைக்கும் முறை முக்கியம். போலிக் அமிலம் நீரில் கரையும், அதிக சூட்டில் அழியும். கீரையை நெடுநேரம் அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றினால் சத்தும் வாசற்படியோடு போய்விடும். தேங்காய்ப்பூப் போட்டு விரைவாகக் கிண்டி இறக்கும் சுண்டலே நல்லது. அதில் தேசிக்காய் பிழிந்தால், விற்றமின் சீ கீரையிலுள்ள இரும்பை உடல் உறிஞ்ச உதவும். சோறு தின்ற கையோடு குடிக்கும் பிளேன்டீ அதற்கு எதிர்மாறு. அதிலுள்ள தனின் இரும்பைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடித்தால் தேநீரும் கிடைக்கும், இரும்பும் கிடைக்கும்.

இன்னுமொரு விடயம். கர்ப்பிணி அல்லாத பெண்ணொருவரின் ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது குருதிச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. குறைந்திருந்தால் காரணத்தைக் கண்டறிவதே முதல் வேலை. தலசீமியா என்ற பரம்பரை நோயைக் காவுபவர்களின் செங்குழியங்களும் சிறுத்தே இருக்கும். அது இரும்பினால் மாறாது. எனவே பக்கத்து வீட்டு மாமியின் ஆலோசனைக்கு முன், ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. அதே வேளை, பாடசாலையில் தரும் குளிசையைக் கையில் வாங்கி, ரீச்சர் திரும்பியதும் யன்னலுக்கு வெளியே எறியும் தோழியரும் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

லூசி வில்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது கையில் புதிய மருந்து எதுவும் கொண்டுவரவில்லை. பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதைப் பொறுமையாக எழுதிக்கொண்டார். மிச்சம் எல்லாம் அந்தப் பதில்களிலிருந்து வந்தவை. இன்று பகல் சோற்றுக்கு உம்மா என்ன சாப்பிட்டார் என்று நமக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கேட்டுப் பார்ப்போம். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, சுண்டலை முதலில் அவர் பீங்கானில் வைப்போம், பிறகு நமதிலும்.

— உயர்தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி